சாலையில் எந்த வண்டிக்கு முதலிடம்? வாதாடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பஸ்ஸா, காரா, சைக்கிளா என்று ஒரு விவாதம் ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் அது எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டூவீலர்காரர்கள் எல்லாம் முரடர்கள், கார்காரர்கள் எல்லாம் திமிர் பிடித்தவர்கள், லாரிக்காரர்கள் எமன்கள், நடந்து போகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வந்து விழுகிறவர்கள். யாரும் எதையும் நிறுவவில்லை. கடைசியாக எந்த வண்டியிடம் மயிரிழையில் தப்பித்தோமோ அதன் மேல் இருக்கும் கோபத்தை ஆளாளுக்குக் கொட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள், அவ்வளவுதான்.

கல்லூரி மேடையோ, குடியிருப்போர் கூட்டமோ, அலுவலகத்தில் சாப்பாட்டு நேரமோ, இந்தத் தலைப்பில் உருப்படியாகப் பேச வேண்டும் என்றால் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எந்த வண்டி உசத்தி" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. இந்தச் சாலையில், இந்த நேரத்தில், இந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் பதில் உண்டு, பெரும்பாலும் அதை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் வேலை: தலைப்பைச் சின்னதாக்குங்கள்

"பொதுப் போக்குவரத்துக்கே முன்னுரிமை" என்று தலைப்பு கொடுத்தால் எதிர்த்துப் பேச ஆளே இருக்காது, இருந்தாலும் ஒப்புக்குப் பேசுவார். "காலை எட்டிலிருந்து பத்து மணி வரை இந்த நான்கு தடச் சாலையில் ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கு மட்டும் விடலாமா" என்று கேட்டுப் பாருங்கள், உடனே கடைக்காரர் ஒரு பக்கம், பள்ளிக்குப் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடுகிறவர் ஒரு பக்கம், தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர் ஒரு பக்கம் என்று உண்மையான வாதம் கிளம்பிவிடும். சாலை, நேரம், எவ்வளவு இடம், இந்த மூன்றும் தலைப்பிலேயே இருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்த தலைப்பில் அது இல்லை என்றால் உங்கள் முதல் இரண்டு வாக்கியத்தில் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.

என்ன கேட்கிறீர்கள் என்பதில் தெளிவு

முன்னுரிமை என்று சொல்லி ஆளுக்கொன்றைக் கேட்பார்கள். ஒருவர் கேட்பது இடம், அதாவது தனித் தடம். இன்னொருவர் கேட்பது சிக்னலில் கூடுதல் பச்சை. மூன்றாமவர் கேட்பது சந்திப்பில் யார் முதலில் போவது என்ற முறை. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: பொறுப்பு. மோதினால் யாரால் அதிகக் கேடு, அதனால் யார் அதிகமாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது.

இவற்றைக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் சாலை விதிநூல் நல்ல உதாரணம். 2022 ஜனவரியில் அதில் ஒரு வரிசையைச் சேர்த்தார்கள். நடப்பவர்கள் முதலில், பிறகு சைக்கிள், குதிரையில் போகிறவர், மோட்டார் சைக்கிள், கார், வேன், கடைசியாகப் பஸ்ஸும் லாரியும். பெரிய கேட்டை விளைவிக்கக் கூடியவருக்குப் பெரிய பொறுப்பு என்பதுதான் கணக்கு. அந்த வரிசையில் பஸ் கடைசியில் இருக்கிறது, ஆனால் அதே நாட்டு நகரங்களில் தனித் தடம் கிடைப்பதும் பஸ்ஸுக்குத்தான். முரண்பாடு ஒன்றும் இல்லை, இடத்தைப் பங்கிடும்போது பஸ் முன்னால், பொறுப்பைப் பங்கிடும்போதும் பஸ் முன்னால். ஆனால் மேடையில் எதிராளி இந்த வரிசையைக் காட்டி "பார்த்தீர்களா, பஸ் கடைசி" என்று சொன்னால் திகைத்து நிற்காமல் இருக்க, நீங்கள் இதை முன்னாடியே பிரித்துவைத்திருக்க வேண்டும்.

சந்திப்பில் யார் முதலில் போவது என்பதற்கு வண்டியின் வகையே பல நேரம் தேவைப்படாது என்பதையும் கவனியுங்கள். ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, உள்ளே வரப்போகிறவர் வழிவிட வேண்டும் என்ற விதியை பிரிட்டன் 1966-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் உள்ளே வருகிறவர்கள் அடைத்துக்கொண்டு, வெளியே போகிறவர்கள் போக முடியாமல், மொத்தமும் பூட்டிக்கொள்ளும். விதி மாறியதும் ஓட ஆரம்பித்தது. நீ பஸ்ஸா காரா என்று அது யாரையும் கேட்பதில்லை. சிக்னல் நேரம் வேறு மாதிரி. கோபன்ஹேகனில் சில சாலைகளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால் அடுத்தடுத்து பச்சையே கிடைக்கும்படி சிக்னல்களை அமைத்திருக்கிறார்கள். அதற்காக ஒரு அடி இடம்கூடக் கூடுதலாக வேண்டியதில்லை. இடம் கேட்டால் சண்டை வரும் சாலையில் நேரத்தைக் கேளுங்கள்.

ஆம்புலன்ஸில் நேரத்தை வீணாக்காதீர்கள்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழிவிட வேண்டுமா என்று யாரும் விவாதிக்கத் தேவையில்லை. ஆனாலும் எல்லா விவாதத்திலும் யாராவது ஒருவர் அதை எடுத்து உருக்கமாக ஐந்து நிமிஷம் பேசுவார், கைதட்டும் வாங்குவார். அவருக்கான பதில் இரண்டு வரிதான். 1968-இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, சைரன் அடித்து வரும் வண்டிக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்கிறது. அந்த வண்டிக்கும் மற்றவர்களை ஆபத்தில் தள்ளாதவரைதான் விதிகளை மீறும் சலுகை. முடிந்தது.

எப்படி வழிவிடுவது என்பதில்தான் பேச விஷயம் இருக்கிறது. ஜெர்மனியில் நெடுஞ்சாலையில் வண்டிகள் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிட்டால், பின்னால் சைரன் கேட்கிறதோ இல்லையோ, இடது ஓரத் தடத்தில் இருப்பவர் இன்னும் இடப்பக்கம், மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கி நடுவில் ஒரு பாதையைத் திறந்துவைத்தே ஆக வேண்டும். சத்தம் கேட்ட பிறகு ஒதுங்க நினைத்தால் ஒதுங்க இடம் இருக்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு. அப்புறம் இன்னொன்று, காலியாகக் கிடக்கும் பஸ் தடம் இருக்கும் சாலையில் ஆம்புலன்ஸுக்கும் அது வழியாகிறது. பஸ் தடத்தை ஆதரித்துப் பேசுகிறவருக்கு இது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சீட்டு.

பதவியில் இருப்பவர்களின் வாகன வரிசை வேறு சங்கதி, அவசரத்தையும் அந்தஸ்தையும் குழப்பிக்கொள்வது. 2017 மே 1 முதல் இந்தியாவில் அமைச்சர்கள் உட்பட எல்லோருடைய காரிலிருந்தும் சிவப்பு விளக்கை எடுக்கச் சொன்னார்கள். விளக்கு போனது, வரிசைக்காகச் சாலையை நிறுத்துவது அப்படியே போய்விடவில்லை. இதைத் தொட்டால் அரங்கம் சூடாகும், ஆனால் உங்கள் தலைப்பு காணாமல் போகும், ஆகவே தொடாமல் இருப்பதே நல்லது.

ஆட்களை எண்ணுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுமையம், இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

சாலையில் வண்டிகள் போவதற்காக நாம் சாலை போடவில்லை. ஆட்களும் சரக்கும் போக வேண்டும். அதனால் ஒரு தடம் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கடத்துகிறது என்று பாருங்கள். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் தேசியச் சங்கம் ஒரு தட அகலத்துக்குக் கொடுக்கும் கணக்கு இப்படி: தனியார் கார்கள் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர், கலந்த போக்குவரத்தில் அடிக்கடி பஸ்ஸும் ஓடினால் 1,000 முதல் 2,800, பஸ்ஸுக்குத் தனித் தடம் என்றால் 4,000 முதல் 8,000, சைக்கிள் பாதை 7,500, நடைபாதை 9,000. இவை அந்த இடம் தாங்கக் கூடிய அளவுகள். உங்கள் சாலையில் இன்று அத்தனை பேர் போகிறார்கள் என்று அர்த்தம் இல்லை, இதை நீங்களே சொல்லிவிடுங்கள், எதிராளி சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் சாலைக்கு நீங்களே எண்ணலாம். இரண்டு பேர், ஒரு நோட்டு, நெரிசல் நேரத்தில் கால் மணி நேரம். ஒருவர் கார், டூவீலர், ஆட்டோவை எண்ணட்டும், இன்னொருவர் பஸ்ஸை மட்டும் பார்த்து உட்கார்ந்திருப்பவர் எத்தனை, நிற்பவர் எத்தனை என்று கண்மதிப்பில் எழுதட்டும். காரில் எத்தனை பேர் என்பதை எல்லாக் காருக்கும் பார்க்க முடியாது, ஐம்பது காரைப் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். கால் மணி நேரக் கணக்கை நான்கால் பெருக்குங்கள். முடிந்தால் வேறொரு நாளும் எண்ணுங்கள், மழை நாளில் எண்ணிய கணக்கைக் கொண்டுவந்து யாரும் உங்களை மடக்கக் கூடாது. நடந்து போகிறவர்களை எண்ண மறந்துவிடாதீர்கள், வண்டியில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் எல்லாக் கணக்கிலும் விடுபட்டுப் போகிறார்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான ஆயுதம் வரும்: "பஸ் தடம் காலியாகக் கிடக்கிறது, பக்கத்தில் நாங்கள் நெரிசலில் சாகிறோம்." கண்ணால் பார்த்தால் அது உண்மைதான். நிமிஷத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3,000 பேர். ஆனால் அந்தத் தடத்தைப் புகைப்படம் எடுத்தால் ஒரு பஸ்கூடத் தெரியாமல் போகலாம். பக்கத்துத் தடத்தில் மணிக்கு 800 கார், காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 1,200 பேர்தான், ஆனால் படத்தில் பொங்கி வழியும். ஓடிக்கொண்டிருக்கும் தடம் எப்போதுமே காலியாகத்தான் தெரியும். இதை மேடையில் கணக்காகப் போட்டுக் காட்டுங்கள், வார்த்தையில் சொன்னால் ஏறாது. அதே நேரம் நேர்மையாகவும் இருங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்தான் வருகிறது என்றால் மணிக்கு 300 பேர்தான், அந்தச் சாலையில் நீங்கள் தோற்பீர்கள், தோற்கவும் வேண்டும். அங்கே முதலில் பஸ்ஸைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள், தடம் அப்புறம்.

டெல்லியில் நடந்ததைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கத்துக்கும் அது உதவும். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரத்துக்கு, சாலையின் நடுவில் பஸ்ஸுக்குத் தனித் தடம் விட்டு 2008-இல் திறந்தார்கள். கார்காரர்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு. தடத்தை எல்லா வண்டிக்கும் திறந்துவிடக் கோரி வழக்கே போட்டார்கள், 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் ஜெயித்த தடத்தை 2016-இல் அரசே இடித்து எடுத்தது. ஆட்களின் எண்ணிக்கை நீதிபதிக்குப் போதும், ஊருக்குப் போதாது என்பது என் முடிவு. அத்தனை சின்னத் துண்டில் தடம் போட்டால் பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைத்த லாபம் தடம் முடிந்ததும் நெரிசலில் கரைந்துவிடும், காரில் போகிறவருக்கோ எரிச்சல் முழுசாகக் கிடைக்கும்.

வேகமும் எடையும்

சைக்கிள், நடப்பவர் பக்கம் பேசுகிறவர்களுக்கு இது. வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும், 30-இல் போகும் வண்டியையும் 60-இல் போகும் வண்டியையும் ஒப்பிட இதுவே போதும். எடைக்கு இதைவிடப் பயங்கரமான கணக்கு ஒன்று உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு அவற்றில் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்து, சாலை எப்படிச் சேதமாகிறது என்று பார்த்தார்கள். அச்சின் மேல் உள்ள பாரம் இரட்டிப்பானால் சேதம் சுமார் 16 மடங்கு, பாரம் பத்து மடங்கானால் சேதம் தோராயமாகப் பத்தாயிரம் மடங்கு என்ற விதி அதிலிருந்துதான் வந்தது. "நான் வரி கட்டுகிறேன், சைக்கிள்காரன் என்ன கட்டுகிறான்" என்று ஒருவர் எழுந்தால் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். சைக்கிள் சாலைக்குச் செய்யும் சேதம் கணக்கிலேயே வராது.

ஆனால் இதே கணக்கை வைத்து லாரியைத் துரத்திவிடாதீர்கள். கூட்டத்தில் லாரிக்காகப் பேச யாரும் வந்திருக்க மாட்டார்கள், ஆனால் அங்கே இருக்கும் நாற்காலியிலிருந்து மைக் வரை எல்லாம் லாரியில் வந்தவைதான். அதற்கு நேரம் ஒதுக்குவதுதான் வழக்கமான தீர்வு. எந்த நேரம் என்பதில்தான் வேடிக்கை. இந்திய நகரங்கள் பலவற்றில் பகலில் கனரக லாரிகளுக்குத் தடை, இரவில்தான் உள்ளே வரலாம். லண்டனில் 1985 முதல் 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பல தெருக்களில் இரவிலும் வார இறுதியிலும் கட்டுப்பாடு, ஏனென்றால் தூங்குகிறவர்களுக்குச் சத்தம். ஒரே லாரி, நேர் எதிரான இரண்டு பதில், இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. நெரிசல் பெரிதா தூக்கம் பெரிதா என்று அந்தச் சாலையில் குடியிருப்பவர்களைக் கேட்காமல் முடிவு பண்ண முடியாது.

டூவீலர், ஆட்டோ, டாக்ஸி

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துத் தயாராகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், அவற்றில் பலவற்றில் டூவீலரே கிடையாது. மலேசியாவில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பாதையை 1970-களிலேயே போட்டார்கள். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும் தைவானில் பல சந்திப்புகளில் ஸ்கூட்டர்கள் நேராக இடப்பக்கம் திரும்பக் கூடாது, முதலில் நேரே கடந்து, எதிரே கோடு போட்ட பெட்டிக்குள் நின்று, அந்தப் பக்கத்துப் பச்சைக்குக் காத்திருந்து போக வேண்டும். டூவீலரைக் காரோடு சேர்த்துத் திட்டுவதா, சைக்கிளோடு சேர்த்துப் பாதுகாப்பதா என்று முடிவு பண்ணாமல் மேடை ஏறாதீர்கள். அடைக்கும் இடத்தில் அது சைக்கிளுக்குப் பக்கம், வேகத்தில் காருக்குப் பக்கம், ஓட்டுகிறவருடைய உடம்போ நடப்பவருடையதைப் போலத் திறந்து கிடக்கிறது.

பஸ் தடத்தில் இன்னும் யாரை விடலாம் என்பது தனிச் சண்டை. லண்டனில் கறுப்பு டாக்ஸிகளை விடுகிறார்கள், முன்பதிவு செய்து ஏறும் தனியார் வாடகைக் கார்களை விடுவதில்லை. இது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2015-இல் அந்தப் பாகுபாடு செல்லும் என்று தீர்ப்பானது. நார்வே கதை இன்னும் சுவையானது. மின்சாரக் கார்களை வாங்க வைப்பதற்காக அவற்றைப் பஸ் தடத்தில் விட்டார்கள். ஆட்களும் வாங்கினார்கள், தாராளமாகவே வாங்கினார்கள், கடைசியில் பஸ்கள் மின்சாரக் கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. ஓஸ்லோவுக்குள் வரும் முக்கியச் சாலையில் நெரிசல் நேரத்தில் ஓட்டுகிறவரோடு இன்னொருவராவது உட்கார்ந்திருந்தால்தான் மின்சாரக் கார் பஸ் தடத்தில் போகலாம் என்று 2015-இல் மாற்ற வேண்டிவந்தது. புகை விடாத கார் என்றாலும் அது அடைக்கும் இடம் கார் அளவுதான். "மின்சார வண்டிக்கு முன்னுரிமை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

"அப்போ கார்கள் எங்கே போகும்?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தென்கொரியாவின் சியோல் நகரில் சங்கேசோன் ஓடைக்கு மேலே இருந்த மேம்பாலச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துப் போகவில்லை. இதைச் சொன்னால் கைதட்டு கிடைக்கும், ஆனால் பாதிக் கதையைச் சொல்லாதீர்கள். நடுவில் 2004-இல் அந்த நகரம் தன் பஸ் வழித்தடங்களை மொத்தமாகத் திருத்தி, சாலை நடுவில் பஸ் தடங்களும் போட்டது. மாற்று வழி கொடுத்தார்கள், பிறகுதான் கணக்கு சரியானது. அதே மாதிரி, ஒரு சாலையைக் கூட்டினால் எல்லோருக்கும் தாமதம் கூடலாம் என்று 1968-இல் ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிராஸ் காட்டியதையும் சிலர் எடுத்துவிடுவார்கள். சில வலையமைப்புகளில் அப்படி நடக்கலாம் என்றுதான் அவர் காட்டினார். எந்தச் சாலையை மூடினாலும் நல்லது என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

காரை விட முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நீங்களே முதலில் எடுங்கள். சக்கர நாற்காலிக்காரர், டயாலிசிஸுக்குப் போகிறவர், இரவுப் பணி முடிந்து திரும்புகிறவர். இவர்களைக் காட்டித்தான் எதிரணி எல்லாக் காரையும் காப்பாற்றப் பார்க்கும். அவர்களுக்கு வழி வைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நீங்களே சொல்லிவிட்டால், தனியாக உட்கார்ந்து காரில் ஆபீஸ் போகிறவர் மட்டும்தான் எதிரே மிஞ்சுவார், அவரிடம் பேசுவது எளிது.

கடைசியில் என்ன கேட்பது

கூட்டம் முடிவெடுக்கும் கூட்டம் என்றால் "மாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள், "சில மாதம் செய்து பார்க்கலாம்" என்று கேளுங்கள். ஸ்டாக்ஹோமில் நகருக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் என்ற போது ஆரம்பத்தில் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை சோதனை முறையில் வசூலித்துப் பார்த்தார்கள், எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணம் நின்ற பிறகு செப்டம்பரில் வாக்கெடுப்பு, நகரவாசிகள் பெரும்பான்மை ஆதரவு. 2007-இல் நிரந்தரமானது.

சோதனை கேட்கும்போது நான்கு விஷயத்தைத் தாளில் எழுதி எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும். எதை அளப்போம், அதாவது பஸ் எடுக்கும் நேரமா, கடந்த ஆட்களின் எண்ணிக்கையா, கடைக்கு வந்தவர்களா. யார் அளப்பது, இதில் எதிர்ப்பவர்களில் ஒருவராவது கட்டாயம் இருக்கட்டும். எந்த எண் வந்தால் கைவிடுவோம். கடைசியாகச் சொன்னதை எழுதத்தான் இரண்டு பக்கமும் தயங்கும், அதை எழுதாமல் யாரும் எழுந்து போக விடாதீர்கள். சோதனை தொடங்குவதற்கு முன்பும் ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாமல் பின்னால் எண்ணி ஒரு பிரயோசனமும் இல்லை.